கல்லுக்கு ஊர் வேண்டும்

மெருகேற்றிய அம்மோனைட் ஒன்றை, அதாவது என்றோ அழிந்துபோன கடல் உயிரொன்றின் கல்லான சுருள் ஓட்டை, கையில் கொடுத்தால் எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தேன் நிறச் சுருள், வரிசையாகச் சிறுத்துக்கொண்டே உள்ளே போகும் அறைகள், அறைக்குள் மின்னும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகம். பார்க்கத்தான் வேண்டும், அவ்வளவு அழகு. நான் முதலில் கல்லைத் திருப்பி, பின்பக்கத்தில் சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா, அதில் எந்த ஊர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். பெங்களூரில் விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலும் இருக்காது. 'ஒரிஜினல்' என்று எழுதியிருக்கும். வயது எழுதியிருக்கும், அதுவும் கடைக்குக் கடை மாறும். ஊர் மட்டும் இருக்காது.

பழங்கடல் உயிர்களின் புதைபடிவங்களைச் சேர்க்கிறவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நிலத்தில் அப்படி ஒன்றுகூடக் கிடைக்காது. பெங்களூர் நிற்பது நைஸ் பாறைமேல். லால்பாக் குன்றில் ஏறினால் காலடியில் இருப்பது அதுதான், சுமார் 300 கோடி ஆண்டு வயது. ஓடுள்ள கடல் உயிர்கள் உலகில் தோன்றியதே ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். போதாததற்கு இந்தப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறியது. ஓடு எதுவும் அதில் தப்பிப் பிழைக்க வழியில்லை. அதனால் நம் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு கடல் உயிரும் வெளியூரிலிருந்து வந்ததுதான். லால்பாக்கிலேயே ஒரு கல்மரம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அது நம் திருவக்கரையிலிருந்து வந்தது, வயது சுமார் 2 கோடி ஆண்டு. பக்கத்தில் அதன் ஊரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் படிக்காமல் நான் அந்த மரத்தைக் கடந்ததில்லை.

சித்ரகலா பரிஷத்தில் நடக்கும் கைவினைக் கண்காட்சிகளிலும், படிகக் கல் விற்கும் கடைகளிலும், இணையத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் சில வகைகள்தான். முதலாவது கறுப்புச் சுண்ணாம்புக்கல் பலகையில் வெள்ளையாக ஈட்டி ஈட்டியாகத் தெரிவது. ஆர்த்தோசெராஸ் என்று விற்பார்கள். மொராக்கோவில் எர்ஃபூத் என்ற ஊரைச் சுற்றி வெட்டி எடுப்பது. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தமான உயிர், நேரான கூம்பு ஓட்டுக்குள் வாழ்ந்தது. இந்தப் பலகைகளில் பல டெவோனியக் காலத்தவை, அதாவது 36 கோடி ஆண்டுக்குக் குறையாதவை. கறாராகப் பார்த்தால் ஆர்த்தோசெராஸ் என்ற பேரினம் பால்டிக் கடலோரப் பாறைகளுக்கு உரியது. மொராக்கோக் கல்லில் இருப்பவை அதே சாயலுள்ள வேறு இனங்கள். சந்தையில் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது மடகாஸ்கர் அம்மோனைட். அந்தத் தீவின் வடமேற்கில் மஹாஜங்கா பக்கத்திலிருந்து வருகிறது. அதிகம் கிடைக்கும் வகைக்குக் கிளியோனிசெராஸ் என்று பெயர், வயது சுமார் 11 கோடி ஆண்டு. முழு ஓட்டை நடுவில் அறுத்து, இரு பாதியையும் மெருகேற்றி ஜோடியாக விற்பார்கள்.

ராஜஸ்தானிலிருந்து ஹாபூர் கல்லும் வருகிறது. ஜெய்சல்மேரை ஒட்டிய ஹாபூர் கிராமத்தின் செம்பழுப்புச் சுண்ணாம்புக்கல். அதைக் குடைந்து கிண்ணம் செய்கிறார்கள். அதில் ஊற்றிய பால் உறை இல்லாமலே தயிராகும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. விற்பவர்கள் அதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கிண்ணத்தின் சுவரில் குறுக்குவெட்டாகத் தெரியும் சிப்பிகள் போதும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலின் சிப்பிகள் அவை, தார் பாலைவனத்திலிருந்து.

சரி, எதற்கு மெருகு? மண் ஒட்டிய இயற்கைப் புதைபடிவம்தான் மதிப்புள்ளது, மெருகேற்றியது வெறும் அலங்காரப் பொருள் என்று சொல்லும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மெருகு காட்டுகிற ஒன்றை வேறு எதுவும் காட்டாது.

அம்மோனைட் ஓட்டின் எல்லா அறைகளிலும் அந்த உயிர் குடியிருக்கவில்லை. கடைசி அறையில், வாசலோரத்தில் மட்டும்தான் இருந்தது. வளர வளர ஓட்டின் வாசலை நீட்டிக்கொண்டே முன்னால் நகரும். பின்னால் காலியாகும் இடத்தை ஒரு சுவர் எழுப்பி அடைத்துவிடும். இப்படி அடைத்த அறைகள்தான் உள்சுருள் முழுவதும் நாம் பார்ப்பவை. எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு ஓட்டின் வெளி விளிம்பை ஒட்டி மெல்லிய குழல் ஒன்று ஓடும். புதிதாக அடைத்த அறையில் இருக்கும் நீரை அந்தக் குழலிலிருக்கும் திசு வழியாக உறிஞ்சி எடுத்துவிடும், அந்த இடத்தில் வாயு நிரம்பும். கனமான ஓட்டோடு மூழ்கிவிடாமல் நடுக்கடலில் மிதக்க இந்த ஏற்பாடு. இன்றும் வாழும் சுருள் ஓட்டு உயிரான நாட்டிலஸ் இப்படித்தான் மிதக்கிறது. நாட்டிலஸில் குழல் சுவரின் நடுவில் போகும், அம்மோனைட்டில் விளிம்போரம் போகும். அறுத்து மெருகேற்றிய பாதியைப் பார்த்தால் இத்தனையும் கண்ணெதிரே இருக்கிறது. சுவர் சுவராக எண்ணலாம். குழலின் தடயத்தைச் சில துண்டுகளில் பின்தொடரலாம். வாசலறை மட்டும் சேறு நிரம்பிப் பழுப்பாக இருக்கும், ஏனென்றால் உயிர் போனபின் அது திறந்து கிடந்தது. உள்ளறைகள் மூடியிருந்ததால் சேறு புகவில்லை. கனிமம் கரைந்த நீர் மட்டும் கசிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிகமாக உறைந்தது. எது வீடு, எது காலி அறை என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அறுக்காமல் மேலோட்டை மட்டும் இழைத்து மெருகேற்றும் முறையும் உண்டு. அப்போது சுவர்கள் ஓட்டைத் தொடும் கோடு வெளியே தெரியும். ஆர்த்தோசெராஸ் வகையில் அது எளிய வளையம். மொராக்கோக் கற்களில் கூடவே வரும், அம்மோனைட்டின் முந்தைய உறவான கோனியடைட்டில் கோணல் கோணலாக மடிந்திருக்கும். பிற்கால அம்மோனைட்டில் கொத்தமல்லி இலையின் ஓரம் மாதிரி கிளைத்துக் கிளைத்துப் போகும். ஒவ்வோர் இனத்துக்கும் கோடு வேறு. நிபுணர்கள் இனத்தை அடையாளம் காண இந்தக் கோட்டையும் முக்கியமாகப் பார்க்கிறார்கள். மெருகு வெறும் அலங்காரம் என்பவர்களிடம் இந்தக் கோட்டைக் காட்ட நான் தயங்குவதே இல்லை.

ஆனால் மெருகு அழிப்பதும் உண்டு. ஓட்டின்மேல் இருந்த வரிகள், முடிச்சுகள், சுற்றியிருந்த பாறைத் துணுக்கு எல்லாம் போய்விடும். சுற்றிய பாறைதான் அது எந்தப் படுகையிலிருந்து வந்தது என்பதற்கான கடைசிச் சாட்சி. அதையும் வழித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது சீட்டில் எழுதிய ஊர் ஒன்றுதான். மெருகேற்றாத கல்லுக்குச் சீட்டு இல்லாவிட்டால்கூட ஒரு புவியியல்காரரால் ஓரளவு ஊகிக்க முடியும். பளபளவென்று இழைத்த கல்லுக்கு ஊர் எழுதாமல் விட்டால் அதை மீட்பது மிகவும் கடினம்.

ஜிகணிப் பக்கம் ஒரு கல் பாலிஷ் பட்டறைக்கு நான் போவதுண்டு. சமையல் மேடைக்கு கிரானைட் இழைக்கும் இடம். அங்கே வேலை செய்யும் அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். தளத்துக்கு வாங்கிய கல் பலகைகளில் மிஞ்சிய துண்டுகளில் சிப்பி ஏதாவது தெரிந்தால் எனக்காக எடுத்து வைப்பார். நான் எந்தத் துண்டைக் கொண்டுபோனாலும் அவருடைய முதல் கேள்வி, "இது எந்த ஊர்க் கல்லும்மா?" என்பதுதான்.

"எந்த ஊரா இருந்தா என்ன அண்ணா, சுண்ணாம்புக்கல்தானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்படி இல்லம்மா. ஊர் தெரிஞ்சாத்தான் எந்த பேட்ல ஆரம்பிக்கணும்னு தெரியும். சில ஊர்க் கல்லுல களிமண் கலந்திருக்கும். கிரானைட்டுக்குக் கொடுக்குற அழுத்தத்தைக் கொடுத்தா மண்ணு பேந்துக்கும், சிப்பி மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும்."

அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில், கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7, கால்சைட்டின் கடினம் 3. ஒரே துண்டில் கால்சைட்டும் களிமண்ணும் கலந்திருந்தால் மென்மையானது முதலில் தேய்ந்துவிடும். சொரசொரப்பானதிலிருந்து நுண்மையானது வரை 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று தேய்க்கும் டயமண்ட் பேட் வரிசை இருக்கிறது. தண்ணீர் விட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற வேண்டும். முந்தைய பேட் போட்ட கீறல் முழுக்கப் போனபிறகுதான் அடுத்தது. நடுவில் ஒன்றைத் தாண்டினால் கடைசிப் பளபளப்பில் அந்தக் கீறல் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும். அவருடைய தொழிலுக்கும் என் அலமாரிக்கும் ஊர்ப்பெயர் ஒரே அளவு அவசியமாக இருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஊர் தெரிந்தால் என்னென்ன திறக்கிறது என்பதற்கு அந்த மடகாஸ்கர் அம்மோனைட்டையே எடுத்துக்கொள்ளலாம். அது நீந்திய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டும் பிரியத் தொடங்கியது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஒட்டியிருந்த அந்த நிலத்தின் மேற்கே ஒரு கடல், கிழக்கே இன்னொரு கடல். மேற்குக் கடலின் அம்மோனைட் கப்பலேறி பெங்களூர்க் கடைக்கு வருகிறது. கிழக்குக் கடலின் அம்மோனைட் எங்கே? என் அம்மா பிறந்த ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர்.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரை ஒட்டி ஓடை அரித்த களிமண் மேடுகள் இருக்கின்றன. செடிகூட அரிதாக முளைக்கும் செம்மண் பள்ளங்கள். அந்தக் களிமண் அந்தக் கிழக்குக் கடலின் அடித்தரை. மண்ணுக்குள் ஜிப்சம் பாளம் பாளமாக மின்னும். பெலெம்னைட்டுகள், அதாவது கணவாய் வகையொன்றின் உள்ளெலும்புகள், விரல் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும். அங்கிருந்து கிழக்கே போகப் போகப் பாறைகளின் வயது குறையும். ஊட்டத்தூர்ப் பாறைகள், அப்புறம் திருச்சிப் பாறைகள், அப்புறம் அரியலூர், கடைசியில் நின்னியூர். நின்னியூர்ப் படிவுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் அழிந்தபிறகு வந்த கடலைச் சேர்ந்தவை. காரையிலிருந்து கிழக்கே காரில் போனால், அம்மோனைட்டுகள் நிறைந்த கடலிலிருந்து அவை இல்லாத கடலுக்குச் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இடையில் சாத்தனூரில் கடற்படிவுக்குள் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. கரையிலிருந்து அடித்து வரப்பட்டு மூழ்கிய மரம்.

இந்த ஊர்ப்பெயர்களை உலகின் புவியியல் நூல்களுக்குக் கொண்டுபோனவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே அலைந்தவர்கள். முதலில் புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு ஆங்கில அதிகாரிகள் சேகரித்து அனுப்பியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்திய புவியியல் ஆய்வுத் துறைக்காகத் திருச்சி, தென்னார்க்காடு நிலங்களை நடந்து வரைபடமாக்கி 1862இல் வெளியிட்டார். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவர் இவரே. அங்கே கிடைத்தவற்றை இனம் பிரித்து எழுதும் வேலையை மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டாலிஸ்கா என்ற இளைஞர் ஏற்றார். கல்கத்தாவில் உட்கார்ந்து, அம்மோனைட்டுகளில் தொடங்கி நத்தை, சிப்பி, பவளம் என்று தொகுதி தொகுதியாக வரைந்து விவரித்தார். 1874இல் லடாக் மலைகளில் பயணத்தின்போது இறந்துபோனார். 36 வயதுதான். லேயில் அவருக்குக் கல்லறை இருக்கிறது.

அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போது என்னை நிறுத்துவது படங்கள் மட்டுமல்ல. ஒவ்வொரு துண்டுக்கும் கீழே ஊர் இருக்கிறது. ஊட்டத்தூர், ஓதியம், அரியலூர், நின்னியூர். எழுத்துக்கூட்டல் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி இருக்கும், இருந்தாலும் ஊர் பிடிபட்டுவிடும். அரியலூரின் பெயரையே தாங்கிய அம்மோனைட் இனம் ஒன்றும் உண்டு, அர்ரியலூரென்சிஸ் என்று. 160 ஆண்டுகள் கழித்தும் ஓர் ஆராய்ச்சி மாணவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓதியத்தின் ஓடையில் போய் நிற்க முடிகிறது. ஊர்ப்பெயர் இல்லாமல் அந்த வரைபடங்கள் மட்டும் இருந்திருந்தால் அத்தனை உழைப்பும் அழகிய சித்திரமாக நின்றுபோயிருக்கும்.

ஊரைக் கல்லோடு சேர்த்தே வைத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் என் அத்தை வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் உண்டு. நேபாளத்தில் முக்திநாத்துக்குக் கீழே காலி கண்டகி ஆறு உருட்டி மெருகேற்றிக் கொடுத்த கறுப்புக் கல். உள்ளே பதிந்த சக்கரம் அம்மோனைட்டின் சுருள். இமயம் எழுவதற்கு முன்பு அங்கே இருந்த டெத்திஸ் கடலின் உயிர், வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. முக்திநாத் திருமங்கையாழ்வார் பாடிய தலம். அத்தைக்கு அது கல் அல்ல, பெருமாள். தினமும் திருமஞ்சனம், நைவேத்தியம். லென்ஸ் வைத்துப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். சாளக்கிராமத்துக்கு விலை பேசக் கூடாது என்று அத்தை சொல்வார், அதையும் மதிக்கிறேன். எந்த ஆறு என்று கேட்டால் யோசிக்காமல் கண்டகி என்பார். தலைமுறை தலைமுறையாகக் கைமாறியும் அந்தக் கல் தன் ஆற்றின் பெயரை இழக்கவில்லை.

போலிகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். ரெசினில் வார்த்ததென்றால் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும், கையில் கல்லின் குளிர்ச்சி இருக்காது. ட்ரைலோபைட் என்ற, உடல் கண்டம் கண்டமாகப் பிரிந்த பழங்கடல் உயிரில்தான் இது மிக அதிகம். ஆர்த்தோசெராஸ் பலகையில் பெரும்பாலும் உயிர் உண்மையாக இருக்கும், ஆனால் உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, இடைவெளியைக் கறுப்புப் பூச்சால் மூடியிருப்பார்கள். அறைச் சுவர்களும் நடுக்குழலும் ஒட்டுக்கு இருபுறமும் சீராகத் தொடர்கின்றனவா என்று பாருங்கள். வானவில் நிறத்தில் மின்னும் அம்மோனைட் என்றால் பஞ்சில் அசிட்டோன் தொட்டு, மறைவான ஓரத்தில் துடைத்துப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். பூச்சாக இருந்தால் பஞ்சில் வந்துவிடும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, எலுமிச்சையும் வினிகரும் கிட்டவே வரக்கூடாது. கால்சைட்டை அமிலம் தின்னும், ஒரு சொட்டு பட்டால் மெருகு அந்த இடத்தில் மங்கிவிடும். பொன்னிறத்தில் பைரைட் என்ற இரும்புக் கனிமம் ஏறிய ரஷ்ய அம்மோனைட் வைத்திருப்பவர்கள் பெங்களூர் மழைக்காலத்தில் அதை சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் பைரைட் சிதைந்து அமிலம் கசியும், கல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

அரியலூரில் இவ்வளவு கிடைக்கிறதே, நாமே போய்ப் பொறுக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பொறுக்கி வந்து அலமாரியில் வைக்கக் கூடாது. அந்த மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. கல்லங்குறிச்சிப் படிவில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவையும் சேர்ந்துதான் அரைபடுகின்றன. எப்படியும் அழியப்போவதுதானே என்று சொல்லி எடுத்துவருகிறவர்களை எனக்குத் தெரியும். மீதியிருக்கும் ஓடைகளிலும் நாம் கைவைத்தால் படிக்க வரும் மாணவர்களுக்கு ஒன்றுமிருக்காது. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரியத் தலங்களையும் எச்சங்களையும் பாதுகாக்க ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பதே என் விருப்பம். காரைக்குப் போகிறபோது நான் படம் எடுப்பேன், இடத்தைக் குறித்துக்கொள்வேன், கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். என் மாமாவுக்கு இது புரியவே இல்லை. "பெங்களூர்ல காசு கொடுத்து வாங்குற, இங்க சும்மா கெடக்குறத விட்டுட்டு வர்றியேம்மா" என்பார்.

வாங்குவதிலும் எனக்கு ஒரு விதி உண்டு. ஊர் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை, கல் எவ்வளவு அழகாக இருந்தாலும். விற்பவர் ஊரை உறுதியாகச் சொன்னால், வீட்டுக்கு வந்ததும் சிறிய வெள்ளைப் பூச்சுப் பட்டை ஒன்றைப் பின்பக்கத்தில் இட்டு, அதன்மேல் கறுப்பு மையில் எண் எழுதுகிறேன். அருங்காட்சியகங்கள் செய்யும் முறை அது. நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நாடு, ஊர், படிவம், வயது, யாரிடம் எப்போது வாங்கியது, யார் மெருகேற்றியது எல்லாம் எழுதுகிறேன். சீட்டு உதிர்ந்துபோகும், எண் உதிராது.

நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கல் ஒன்று இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் கருடமங்கலம் என்ற ஊர்ப் பக்கத்தில் சுமார் 9 கோடி ஆண்டு வயதுள்ள சிப்பிச் சுண்ணாம்புக்கல் உண்டு. சிப்பியும் நத்தையும் நெருக்கியடித்துக் கிடக்கும் கல். ஆங்கிலேயர் காலத்தில் அதை இழைத்து மெருகேற்றி அலங்காரப் பொருள்கள் செய்தார்கள், திருச்சினாப்பள்ளி மார்பிள் என்று பெயர். கடல் உயிர்களின் மெருகேற்றிய புதைபடிவம் நம் ஊரிலேயே ஒரு தொழிலாக இருந்திருக்கிறது, மொராக்கோவிலிருந்து கப்பல் வருவதற்கு வெகுகாலம் முன்பே. புதிதாக வெட்டிய துண்டு எனக்கு வேண்டாம், பழைய பொருள் ஒன்று வேண்டும். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த குடும்பங்கள் அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் எத்தனையோ இருக்கின்றன. தாத்தாவின் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்த கல்லோ, பெட்டியின் மூடியோ, சிறிய மேசைப் பலகையோ சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், முழுக்க வெள்ளைச் சிப்பி வளைவுகளோடு உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள். லென்ஸில் பாருங்கள். சிப்பியின் குறுக்குவெட்டு பிறை பிறையாகத் தெரியும், நத்தையினது அடுக்குச் சுருளாகத் தெரியும். யாருடையது, எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு விற்க வேண்டாம். ஒருமுறை வந்து பார்க்க அனுமதித்தால் போதும். பிறகு அரியலூர் வாரணவாசியில் இருக்கும் அரசு புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் காட்ட நானும் கூட வருகிறேன்.